எங்க ஃப்ளாட் வாட்ஸ்அப் குரூப்ல காய்ச்சலை எண்ணிப் பார்த்த ஆறு மாசம்

2025 மே 3, சனிக்கிழமை காலையில சி பிளாக் மோட்டார் சைக்கிள் கொட்டகைக்கு ஏணி போட்டு ஏறினோம். தகரக் கூரை ஓரத்துல மழைத்தண்ணி ஓடுறதுக்கு ஒரு காவா இருக்கும்ல, அது பூரா அங்சானா மரத்து இலை மக்கி அடைச்சிருந்துச்சு, அடைப்புக்குப் பின்னாடி ரெண்டு விரக்கடை ஆழத்துக்குத் தண்ணி நிக்குது, டார்ச் அடிச்சா தண்ணியே துடிக்குது, அவ்வளவு கொசுப் புழு. கீழ நின்னு பார்த்தா ஒண்ணுமே தெரியாது. அந்த இடத்தைக் காட்டிக் குடுத்தது ஒரு எக்செல் ஷீட்டும் ஒன்பது பிளாஸ்டிக் கப்பும்தான். குரூப் மெசேஜை வச்சு டிங்கிக் (டெங்கு) காய்ச்சலை எண்ணுறதுன்னு நவம்பர் 2024-லேருந்து பண்ணிக்கிட்டு இருக்கிற வேலை முதல் தடவையா ஒரு உபயோகத்துக்கு வந்திருக்கு, எங்க பெருசா கோட்டை விட்டேன்னும் அதே வாரத்துல தெரிஞ்சு போச்சு, அதனால மறக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் வரிசையா எழுதி வச்சிடுறேன். வேற தாமான்ல (குடியிருப்புல) யாராச்சும் இதைச் செய்யணும்னு நினைச்சா நான் விட்ட மாசங்களாவது மிச்சமாகட்டும்.

நான் இருக்கிறது மலேசியாவுல பினாங்கு, பாயா தெருபோங் பக்கம், நாலு பிளாக் உள்ள ஃப்ளாட்டு. எங்க வீடு சி பிளாக். போன அக்டோபர்ல கூட இருக்கிற அத்தைக்கு டிங்கி வந்துச்சு. மூணு நாள் நெருப்பா காய்ச்சல், நாலாவது நாள் விட்டுடுச்சு, "எனக்கு நல்லாயிடுச்சு, மீன் வாங்கிட்டு வா"ன்னு சொல்லி எழுந்து குழம்பு வச்சாங்க, அன்னைக்கு சாயங்காலமே பாத்ரூம்ல மயங்கி விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்துப் பார்த்தா பிளேட்லெட் 38,000, ஒன்றரை லட்சத்துக்கு மேல இருக்க வேண்டியது. டிங்கியில காய்ச்சல் விடுற நேரம்தான் ஆபத்து, மூணாவது நாள்லேருந்து ஏழாவது நாளுக்குள்ள, ரத்தக் குழாய்லேருந்து தண்ணி கசியறது அப்பதான்னு வார்டுல டாக்டர் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். அத்தை பிழைச்சு வந்துட்டாங்க. ஆனா அவங்க ஆஸ்பத்திரியில இருந்த அஞ்சு ராத்திரியில ஒரு ராத்திரி தூக்கம் வராம வார்டு நாற்காலியில உக்காந்து ஃப்ளாட்டு குரூப்பை மேல தள்ளித் தள்ளிப் படிச்சேன். அத்தைக்கு வர்றதுக்கு 12 நாள் முன்னாடியே எங்க பிளாக்ல மூணு வீட்டுக்காரங்க எழுதியிருக்காங்க. ஒருத்தர் லிஃப்ட் ரிப்பேர் பத்தி சண்டை போடுற நடுவுல "நானே காய்ச்சல்ல கிடக்கேன், எப்படி அஞ்சு மாடி ஏறுறது"ன்னு, ஒரு மக்சிக் (மலாய்க்கார அம்மா) "அனாக் டெமாம், மூணு நாளா எம்சி"ன்னு, அதாவது பிள்ளைக்குக் காய்ச்சல், மூணு நாளா மருத்துவ லீவுன்னு, ஒரு பாட்டி வீட்டுலேருந்து பப்பாளி இலை எங்க கிடைக்கும்னு. இருநூறு பேர் இருக்கிற குரூப்பு, நான் உள்பட எல்லாரும் படிச்சிருக்கோம், ஒருத்தரும் மூணையும் சேர்த்து வச்சுப் பார்க்கலை. அதை நினைக்க நினைக்க எனக்கு ஆறவே இல்லை.

எனக்கு வேலை பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரியில, கியூசி. போர்டுல டிஃபெக்ட் எண்ணுறது. ஒரே இடத்துல மூணு தடவை டிஃபெக்ட் வந்தா லைனை நிறுத்தி என்னன்னு பார்ப்போம், அதுக்கு மேல பெரிய ஞானம் எதுவும் வேணாம். அதே மாதிரி காய்ச்சலையும் எண்ணலாம்னுதான் ஆரம்பிச்சேன்.

முதல் தப்பு, பெரிய இடத்துலேருந்து ஆரம்பிச்சது. ட்விட்டர்ல, அதான் இப்ப எக்ஸ், பினாங்கு டிங்கி பத்தி யார் எழுதுறாங்கன்னு இழுத்துப் பார்க்கலாம்னு ரெண்டு வார இறுதி உக்காந்தேன். முன்னாடி ஆராய்ச்சி பண்றவங்களுக்கு இலவசமா குடுத்த வழியை 2023-லயே மூடிட்டாங்க, நான் பார்த்தப்போ கொஞ்சமாச்சும் படிக்க விடுற திட்டம் மாசம் 200 அமெரிக்க டாலர். ஃபேஸ்புக் பொதுப் பதிவுகளைத் தேட கிரௌட்டாங்கிள்னு ஒண்ணு இருந்துச்சு, அதையும் ஆகஸ்ட் 2024-ல நிறுத்திட்டாங்க. சரின்னு கூகுள் ட்ரெண்ட்ஸுக்குப் போனேன். பினாங்குன்னு தேர்ந்தெடுத்து மலாய்ல டெங்கின்னு போட்டா ஒரு கோடு ஏறி இறங்குது, பார்க்க அழகா இருக்கு, ஆனா அது எத்தனை பேர் தேடினாங்கங்கிற எண்ணிக்கை இல்லை, உச்சத்தை 100-ன்னு வச்சு மத்ததை அதுக்கு ஏத்த மாதிரி சுருக்கிக் குடுக்கிறாங்க. திங்கக்கிழமை எடுத்த நம்பரும் வியாழக்கிழமை எடுத்த நம்பரும் அதே தேதிக்கே ஒத்துப்போகலை, ஏன்னா ஒவ்வொரு தடவையும் மாதிரி எடுத்துத்தான் கணக்குப் போடுது. தமிழ்ல டிங்கின்னு போட்டா தரையோட தரையா சுழியம்.

கூகுளே இதைப் பெருசா பண்ணிப் பார்த்திருக்கு. 2008-ல ஃப்ளூ ட்ரெண்ட்ஸ்னு ஆரம்பிச்சாங்க, ஜனங்க என்ன தேடுறாங்கன்னு வச்சு ஃப்ளூ எவ்வளவு இருக்குன்னு சொல்றது, ஆரம்பத்துல பிரமாதமா ஒத்துப்போச்சு, 2012-13 குளிர்காலத்துல அமெரிக்காவுல டாக்டருங்க பார்த்த கணக்கைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு காட்டிடுச்சு, 2015-ல மூடிட்டாங்க. நோயாளியும் தேடுவான், செய்தி பார்த்துப் பயந்தவனும் தேடுவான், மெஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதான். இதை நான் படிச்சது டிசம்பர்ல, எனக்கே நேர்ல நடந்தது மார்ச்ல, அதைப் பின்னாடி சொல்றேன்.

டிசம்பர்ல முடிவு பண்ணினேன், ஊரைப் பார்க்க வேணாம், எங்க நாலு பிளாக் போதும். டிங்கி கொசு அதிக தூரம் பறக்கிறது இல்லை, பிறந்த இடத்தைச் சுத்தி சில நூறு மீட்டருக்குள்ளதான் திரியும், அப்போ ஃப்ளாட்டு குரூப்தான் சரியான அளவு.

அனுமதி கேட்கிறதுக்கு மட்டும் மூணு வாரம் ஆச்சு, அது வீண் போகலை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 வியாபார விஷயத்துக்குத்தான், நீ பயப்படாதேன்னு ஒரு நண்பர் சொன்னார், ஆனா சட்டம் விட்டாலும் பக்கத்து வீட்டுக்காரங்க மூஞ்சியைத் தினமும் லிஃப்ட்ல பார்க்கணும் இல்லையா. மலாய், தமிழ், சீனம் மூணுலயும் ஒரு மெசேஜ் போட்டேன், காய்ச்சல் பத்தின வரியை மட்டும் எண்ணுவேன், பேர் வச்சுக்க மாட்டேன், பிளாக்கும் மாடியும் மட்டும்தான், எட்டு வாரத்துல அழிச்சிடுவேன், வேணாம்ங்கிறவங்க தனியா சொல்லுங்கன்னு. ஒன்பது பேர் வேணாம்னாங்க, அவங்க வரி எல்லாத்தையும் முதல் வேலையா எடுத்துடுறேன். கோயில் இளைஞர் குரூப்ல ஒத்துக்கிட்டாங்க. தமிழ்ப்பள்ளி பெற்றோர் குரூப்ல ரெண்டு அம்மாங்க "பிள்ளைங்க விஷயம், வேண்டாம்"னு சொன்னாங்க, அதோட விட்டுட்டேன். உண்மையைச் சொன்னா அதுலதான் சுத்தமான தகவல் இருக்கு, "டீச்சர், மகனுக்கு ராத்திரிலேருந்து காய்ச்சல், இன்னைக்கு வரமாட்டான்", நாள், வயசு, அறிகுறி எல்லாம் ஒரே வரியில. இருந்தும் அவங்க சொன்னதுதான் சரின்னு இன்னைக்கும் நினைக்கிறேன்.

வாட்ஸ்அப்ல சாட்டை எக்ஸ்போர்ட் பண்ணினா ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வரும், மீடியா இல்லாம எடுத்தா சின்னதா இருக்கும். பழைய லேப்டாப்ல பைத்தான்ங்கிற புரோகிராம் மொழியைப் போட்டு, வரியைப் பிரிச்சு, காய்ச்சல் சம்பந்தப்பட்ட வார்த்தை இருந்தா ஒரு பக்கம் ஒதுக்குற மாதிரி முப்பது வரி எழுதினேன். முதல் நாளே ஜூலை-ஆகஸ்ட்ல ஒரு பெரிய மலை. எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிச்சு, இவ்வளவு பேருக்கு வந்து ஒருத்தருக்கும் தெரியலையான்னு. உள்ள போய்ப் படிச்சா எல்லாம் கோயில் குரூப்பு, ஆடி மாசம், "ஞாயித்துக்கிழமை கூழ் காய்ச்சுறோம், காலை அஞ்சு மணிக்கு வந்துடுங்க", "யாரு கூழ் காய்ச்ச வர்றீங்க". நான் தேடச் சொன்னது "காய்ச்ச"ங்கிற அடி. காய்ச்சலுக்கு, காய்ச்சலா, காய்ச்சலோட எல்லாம் மாட்டணும்னு வாலை வெட்டிட்டேன், அதுல கூழும் மாட்டிக்கிச்சு, புது வீட்டுல பால் காய்ச்சுறதும் மாட்டிக்கிச்சு. "காய்ச்சல்"ன்னு "ல"கரம் வரைக்கும் வேணும்னு விதியை மாத்தினேன், பேச்சுல எழுதுற "காச்சலு", "ஜொரம்" எல்லாம் தனித்தனியா சேர்த்தேன். தமிழை ரோமன் எழுத்துல அடிக்கிறவங்க இந்த ஒரு வார்த்தைக்கே ஏழு விதமா எழுத்துக் கூட்டுறாங்க, ஏழையும் கையாலதான் சேர்த்தேன். மலாய்ல டெமாம்னு போட்டா பந்து மேட்ச் சமயத்துல "டெமாம் போலா", அதாவது பந்துக் காய்ச்சல், வந்து நிக்குது, பானாஸ்னு போட்டா பாதி பேர் வெயிலைத் திட்டுறாங்க. சீனத்துக்கு ஏ பிளாக் அங்கிள் ஒருத்தர் கோப்பிக் கடையில உக்காந்து எழுதிக் குடுத்தார், மாண்டரின்ல ஃபா ஷாவ், ஹொக்கியன் பேசுறவங்க ஹுவாட் சியோன்னு ரோமன்ல அடிப்பாங்கன்னு, அதைச் சேர்த்ததுக்கு அப்புறம்தான் ஏ பிளாக்னு ஒண்ணு இருக்கிறதே ஷீட்ல தெரிஞ்சுது.

ஜனவரி முழுக்க புரோகிராம்ல இருந்த ரெண்டு தப்பைப் பிடிச்சதுல போச்சு. ஒண்ணு தேதி. குரூப்ல பழைய மெசேஜ் எல்லாம் என் ஃபோன்ல இல்லை, அதனால மூணு பேரோட ஃபோன்லேருந்து எடுத்தேன். ஒருத்தர் ஃபோன்ல தேதி அமெரிக்க முறையில, மாசம் முன்னாடி நாள் பின்னாடி. செப்டம்பர் 4 எனக்கு ஏப்ரல் 9-ஆ வந்து உக்காந்துடுச்சு. 12-ந்தேதிக்கு மேல போனா பைத்தான் தப்புன்னு கத்தும், 12-க்கு உள்ள இருந்தா சத்தமே இல்லாம மாத்திப் போட்டுடும். எல்லா மாசமும் முதல் 12 நாள் மட்டும் வருஷம் பூரா சிதறிக் கிடந்துச்சு, ஏன்னு கண்டுபிடிக்க நாலு ராத்திரி. இப்ப ஒவ்வொரு ஃபைலையும் திறந்து, அதுல 12-க்கு மேல ஒரு நம்பர் எந்தப் பக்கம் வருதுன்னு கண்ணால பார்த்துட்டுத்தான் உள்ள விடுறேன்.

இன்னொண்ணு தமிழ் எழுத்து. "கொசு"ன்னு தேடினா 11 வரிதான் வருது, ஆனா எனக்கு நல்லா தெரியும், எங்க குரூப்ல தினம் கொசு புராணம்தான். ஒரு வரியை அப்படியே காப்பி எடுத்துப் பக்கத்துல வச்சுப் பார்த்தேன், கண்ணுக்கு ரெண்டும் ஒரே "கொசு". உள்ள எண்ணிப் பார்த்தா ஒண்ணுல அஞ்சு குறி, இன்னொண்ணுல நாலு. "கொ"வுல "க"வோட ஒட்டுற ஒற்றைக் கொம்பையும் துணைக்காலையும் சில கீபோர்டு ரெண்டு துண்டு குறியா வைக்குது, சிலது ஒரே குறியா வைக்குது, மெஷினுக்கு ரெண்டும் வேற வேற வார்த்தை. யூனிகோட்ல இதைச் சமப்படுத்துறதுக்கு என்எஃப்சின்னு ஒரு வழி இருக்கு, பைத்தான்ல ஒரே ஒரு வரி. அதைப் போட்டதும் 11 வரி 64 ஆச்சு. தமிழ்ல எதை எண்ணுறவங்களா இருந்தாலும் முதல் வரியே அதா இருக்கட்டும்.

அடுத்தது எதை எண்ணுறதுங்கிற கேள்வி. முதல்ல ஆயிரம் மெசேஜுக்கு எத்தனை காய்ச்சல்னு போட்டேன், சீனப் பெருநாள் வாரத்துல வாழ்த்தாவே வந்து குவிஞ்சதுல காய்ச்சல் குறைஞ்ச மாதிரி காட்டுச்சு, அடுத்து தைப்பூசம், கோயில் குரூப்ல பந்தல், தண்ணீர், தேர் எங்க வந்திருக்குன்னு நாளைக்கு எண்ணூறு மெசேஜ். சரி வராதுன்னு மெசேஜை எண்ணுறதையே விட்டுட்டேன். ஒரு வீட்டுல காய்ச்சல்னு ஒரு வாரத்துல பத்து தடவை எழுதினாலும் ஒண்ணுதான், வீட்டைத்தான் எண்ணணும். வாரம்னா ஞாயிறுலேருந்து சனி, சுகாதார அமைச்சு கணக்கு வைக்கிற அதே வாரம், அப்பதான் ஐடெங்கிங்கிற அரசாங்க டிங்கி தளத்துல வர்ற நம்பரோட வச்சுப் பார்க்க முடியும். முந்நூறு எழுத்துக்கு மேல நீளமா இருந்தா விட்டுடுவேன், அது பெரும்பாலும் ஃபார்வர்டு, எக்ஸ்போர்ட்ல ஃபார்வர்டுங்கிற அடையாளம் வர்றதில்லை, அதனால நீளத்தை வச்சும், ரெண்டு குரூப்ல அச்சு அசலா ஒரே வரி வந்தா அதை வச்சும்தான் பிரிக்கிறேன். இருமல், சளின்னு சேர்ந்து வந்தா அரை மார்க், உடம்பு வலி, கண்ணுக்குப் பின்னாடி வலி, வாந்தி, பப்பாளி இலை, என்எஸ்1ங்கிற டிங்கி ரத்த டெஸ்ட், பிளேட்லெட் வந்தா முழு மார்க். கடைசியா மிஞ்சுறது வாரத்துக்கு இருபது முப்பது வரிதான், அதை நானே உக்காந்து படிச்சு, இவங்க வீட்டுலயா, ஊர்ல இருக்கிற தங்கச்சி வீட்டுலயான்னு பார்த்து ஒதுக்குறேன். இந்தப் படிக்கிற வேலையை மெஷின்கிட்ட விடவே கூடாதுங்கிறது என் கட்சி. ஞாயித்துக்கிழமை ராத்திரி நாற்பது நிமிஷம், அவ்வளவுதான்.

எல்லாம் சரியானதும் பழைய அக்டோபரை இதுல ஓட்டிப் பார்த்தேன், அத்தை விழுந்த வாரமும் அதுக்கு முந்தின வாரங்களும் என்ன காட்டுதுன்னு. சி பிளாக் மூணு வீடு, நல்லாதான் காட்டுச்சு. ஆனா எங்க வீடு அதுல இல்லை. தேடிப் பார்த்தா, அத்தை காய்ச்சல் வந்த ரெண்டாவது நாளே குரூப்ல சொல்லியிருக்காங்க, வாய்ஸ் மெசேஜ்ல. டெக்ஸ்ட் ஃபைல்ல அது "மீடியா நீக்கப்பட்டது"ங்கிற ஒரு வரி. அத்தைக்கு டைப் அடிக்க வராது, எல்லாமே வாய்ஸ்தான், எங்க ஃப்ளாட்டுல அறுபது வயசுக்கு மேல உள்ளவங்க பாதி பேர் அப்படித்தான். டிங்கியில வயசானவங்களுக்கு ஆபத்து அதிகம், நான் கட்டின கருவி சரியா அவங்களைத்தான் விட்டுட்டிருக்கு. அன்னைக்கு ராத்திரி லேப்டாப்பை மூடிட்டு அத்தை பக்கத்துல போய்க் கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். மறுநாள்லேருந்து வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் அத்தையே கேட்டு, காய்ச்சல்னா ஒரு நோட்டுல பிளாக், மாடி எழுதி வைக்கிறாங்க. இதுக்கு மேல நல்ல வழி எனக்குத் தெரியலை, தேவையும் இல்லை.

மார்ச் ரெண்டாவது வாரம் ஒரு தப்பு பண்ணினேன். ஒரு அழகான சார்ட் போட்டு குரூப்லயே அனுப்பிட்டேன், இந்த வாரம் மூணு வீடு, கவனமா இருங்கன்னு. அடுத்த வாரம் 11 வீடு. பயந்து போய் 11 வீட்டுக்கும் நடந்தேன், ரெண்டு வீட்டுலதான் உண்மையிலேயே காய்ச்சல், மத்ததெல்லாம் போன மாசம் வந்தது, தலைவலி, "நீங்க கேட்டீங்களேன்னுதான் சொன்னோம்". நல்ல மனசுல சொன்னவங்கதான், ஆனா அளக்கிற அளவுகோலை நானே வளைச்சுட்டேன். அதுலேருந்து குரூப்ல எதுவும் போடுறதில்லை, ஷீட்டை நாலு பிளாக் பிரதிநிதிங்களுக்கு மட்டும் காட்டுறேன்.

ஏப்ரல் 20-லேருந்து 26 வரைக்கும், அதாவது இந்த வருஷத்து 17-ஆவது வாரம், சி பிளாக்ல நாலு வீடு. முந்தின வாரம் ஒண்ணு. ஃப்ளாட்டு வரைபடத்தை ஏ3-ல எடுத்து சுவத்துல ஒட்டி வச்சிருக்கேன், வீட்டுக்கு ஒரு சிவப்பு ஸ்டிக்கர். ஒட்டி முடிச்சுத் தள்ளி நின்னு பார்த்தப்பதான் தெரிஞ்சுது, ஒண்ணாவது மாடியில ஒண்ணு, ரெண்டாவதுல ரெண்டு, நாலாவதுல ஒண்ணு, நாலுமே மோட்டார் கொட்டகையைப் பார்த்த பக்கம். ரோட்டைப் பார்த்த பக்கம் ஒண்ணுகூட இல்லை.

மெசேஜை மட்டும் நம்பி சுகாதாரத் துறை ஆளுங்களைக் கூப்பிட எனக்கு மனசு வரலை, மார்ச் அனுபவம் அப்படி. அதனால முட்டைப் பொறி வைக்கலாம்னு முடிவு பண்ணோம். இங்க ஆராய்ச்சிக்காரங்க பயன்படுத்துற அளவுதான், 300 மில்லி பிளாஸ்டிக் கப்பு, வெளிப்பக்கம் கறுப்பு, உள்ள ஒரு ஹார்ட்போர்டு துண்டு, 10 சென்டிமீட்டருக்கு 2.5, சொரசொரப்பான பக்கம் மேல பார்த்த மாதிரி சாய்ச்சு வைக்கணும், தண்ணி 5.5 சென்டிமீட்டர், அஞ்சு நாள். டிங்கி கொசுவான ஏடிஸ் தண்ணிக்குள்ள முட்டை போடாது, தண்ணிக்குக் கொஞ்சம் மேல ஈரமான சொரசொரப்புலதான் போடும். முதல்ல வழவழப்பான பக்கத்தை மேல வச்சுட்டேன், பி பிளாக் தம்பி ஒருத்தன் சொல்லித் திருப்பி வச்சோம். பத்து கப்பு வாங்கினதுல ஒண்ணு விரிசல், மிச்சம் ஒன்பது. சி பிளாக்ல அஞ்சு, ஏ-ல ரெண்டு, டி-ல ரெண்டு, பி-ல வைக்க மிச்சமில்லை. ஞாயித்துக்கிழமை வச்சு வெள்ளிக்கிழமை எடுத்தோம், அஞ்சு நாளுக்கு மேல விட்டா நாமளே கொசு வளர்த்த மாதிரி ஆயிடும், அந்தத் தேதியை மட்டும் தள்ளிப் போடவே கூடாது.

ஹார்ட்போர்டை வெயில்ல சாய்ச்சுப் பார்த்தா மிளகுத்தூள் ஒட்டின மாதிரி கறுப்புப் புள்ளி, பூதக்கண்ணாடியில ஒவ்வொண்ணும் நீளவாக்குல குட்டி நெல்லு மாதிரி. சி பிளாக்ல அஞ்சு கப்புல மூணுல முட்டை, அந்த மூணும் கொட்டகைப் பக்கம் வச்சது. சுத்தி எங்க தேடியும் தண்ணி இல்லை, பூத்தொட்டி, டயர், சாமிப் படத்துப் பின்னாடி உள்ள சொம்பு வரைக்கும் பார்த்தாச்சு. அப்புறம்தான் ஜாகா (வாட்ச்மேன்) அண்ணன் "மேல பார்த்தீங்களா"ன்னு கேட்டார்.

காவாயைச் சுத்தம் பண்ண ஒன்றரை மணி நேரம். மூணு வாளி இலை. முட்டை கொசுவாகப் பறக்க ஏழுலேருந்து பத்து நாள்தான், அதனாலதான் வாரம் ஒரு தடவை பத்து நிமிஷம் தேடுங்கன்னு சொல்றாங்க, ஆனா அந்தப் பத்து நிமிஷமும் நாம கண் மட்டத்துக்குக் கீழதான் தேடுறோம்.

இப்ப டி பிளாக். ஏ-ல ரெண்டு கப்பும் காலி. டி-ல வச்ச ரெண்டுலயும் முட்டை, சி-யை விட அடர்த்தியா. ஆனா என் ஷீட்ல டி பிளாக் ஆறு மாசமா சுத்தமான சுழியம், நாலு பிளாக்ல டி-தான் நல்ல பிளாக்னு நானே பிரதிநிதிகள் கூட்டத்துல சொல்லியிருக்கேன். டி-ல மூணு மாடி ஃபேக்டரி ஹாஸ்டல், நேப்பாளத் தம்பிங்க, பங்களாதேஷ் தம்பிங்க. அவங்க யாரும் எங்க குரூப்ல இல்லை, யாரும் அவங்களைச் சேர்த்ததே இல்லை, எங்க கண்ணுக்கு முன்னாடி லிஃப்ட்ல வந்து போறவங்க. ஜாகா அண்ணனும் நேப்பாளிதான், அவரைக் கூட்டிக்கிட்டு அதே சனிக்கிழமை மத்தியானம் ஒவ்வொரு கதவா தட்டினோம். ஒரு ரூம்ல ரெண்டு பேருக்குப் போன வாரமே வந்து போயிருக்கு. அடுத்த ரூம்ல ஒரு பையன், இருபத்து மூணு வயசு இருக்கும், நாலாவது நாள், காய்ச்சல் அன்னைக்குக் காலையிலதான் விட்டிருக்கு, சுவத்தைப் பார்த்துப் படுத்திருக்கான், காலையிலேருந்து மூணு தடவை வாந்தி, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு "நல்லாயிடுச்சு அண்ணா, திங்கக்கிழமை வேலைக்குப் போயிடுவேன்"னு ஜாகாகிட்ட சொல்றான். அத்தை சொன்ன அதே வார்த்தை. காய்ச்சல் விட்ட நாள்ல விடாத வாந்தியும் வயித்து வலியும் இருந்தா ஒரு நிமிஷம்கூட வீட்டுல வைக்கக் கூடாது, என் காடியிலேயே ஏத்திக்கிட்டுப் போனோம். என்எஸ்1 பாசிட்டிவ், பிளேட்லெட் 52,000. மூணு நாள் கழிச்சு வெளிய வந்துட்டான், இப்ப நல்லா இருக்கான்.

இங்க டிங்கின்னு சந்தேகம் வந்தாலே டாக்டர் 24 மணி நேரத்துக்குள்ள தகவல் குடுத்தாகணும், 1988-ஆம் வருஷத்துச் சட்டம், அதனால மறுநாளே சுகாதாரத் துறை ஆளுங்க வந்து பார்த்தாங்க, புகையும் அடிச்சாங்க. புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், தண்ணியில இருக்கிற புழுவை ஒண்ணும் பண்ணாது. டி பிளாக்ல தண்ணி எங்க நின்னுச்சுன்னு அன்னைக்கே தேடிட்டோம், பின்பக்கம் யாரோ தூக்கிப் போட்ட வாஷிங் மெஷின் டப்பா.

செலவு எழுதணும். கப்பு பத்து 7.90 வெள்ளி (ரிங்கிட்), ஹார்ட்போர்டு துண்டு 6 வெள்ளி, கறுப்பு ஸ்ப்ரே பெயிண்டு ரெண்டு டின் 17, ஸ்டிக்கர் 2.40, ஏ3 பிரிண்டு 4, ஏணி ஏறின அன்னைக்கு எல்லாருக்கும் நாசி லெமாக்கும் தேத்தண்ணியும் 38. மொத்தம் 75.30 வெள்ளி. பைத்தான் இலவசம், லேப்டாப் பழசு. நேரத்துக்குக் கணக்கு வைக்கலை.

மறுபடி முதல்லேருந்து செய்யறதா இருந்தா ட்விட்டர், ட்ரெண்ட்ஸ் பக்கமே போக மாட்டேன். முதல் வாரமே நாலு பிளாக்கையும் நடந்து, எந்தக் கதவுக்குப் பின்னாடி இருக்கிறவங்க குரூப்ல இல்லைன்னு ஒரு பட்டியல் எடுத்துட்டுத்தான் எண்ண ஆரம்பிப்பேன், அந்த வீடுகளுக்கு ஷீட்ல சுழியம்னு போடாம கட்டத்தைக் காலியா விடுவேன், பார்க்கிறவங்களுக்கு வித்தியாசம் தெரியணும். கப்பை மெசேஜ் ஏறின பிறகு வைக்காம மாசத்துக்கு ஒரு தடவை நாலு பிளாக்லயும் சமமா வைப்பேன். இந்த ஆறு மாசத்துக் கணக்கை வச்சு எங்க மெசேஜ் மாநில நம்பரை விட இத்தனை நாள் முந்துதுன்னு யாராச்சும் கேட்டா சொல்ல மாட்டேன், நாலு வீடு, மூணு வீட்டை வச்சுக்கிட்டு அப்படிப் பேசக் கூடாது. எங்க போய்க் கதவைத் தட்டணும்னு சொல்லுது, அதுக்கு மட்டும்தான் வச்சிருக்கேன்.

இந்த வாரம் ஷீட்ல ஒரு புது பத்தி சேர்த்திருக்கேன், காய்ச்சல் எத்தனாவது நாள்னு. யாராச்சும் குரூப்ல "காய்ச்சல் விட்டுடுச்சு, கடவுளுக்கு நன்றி"ன்னு போட்டா முன்னாடி அந்த வரியைக் கழிச்சுடுவேன், இப்ப அதுக்குத்தான் மஞ்சள் கலர், அன்னைக்கே ஃபோன் பண்ணி வாந்தி இருக்கா, வயித்து வலி இருக்கா, ஈறுல ரத்தம் வருதா, ஒண்ணுக்குப் போறாங்களான்னு கேட்கிறது அத்தை வேலை. டி பிளாக்குக்கு நேப்பாளியிலயும் வங்காளியிலயும் கார்டு எழுதிக்கிட்டு இருக்கோம், ஜாகா அண்ணன் நேப்பாளியை முடிச்சுட்டார், வங்காளி அந்தப் பையனோட ரூம்மேட் எழுதித் தர்றேன்னு சொல்லியிருக்கான். வர்ற ஞாயித்துக்கிழமை பிரிண்டு எடுத்துட்டு மூணு மாடியும் போகணும், கப்பு இன்னும் பன்னிரண்டு வாங்கணும்.